கூத்து என்று அழைப்பிதழில் போடலாமா?

நீங்கள் கேட்டதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று முதலில் சொல்லிவிடுகிறேன். கல்லூரித் தமிழ் மன்ற விழாவுக்குச் செய்யாறு பக்கத்திலிருந்து ஒரு ஜமாவை (கூத்துக் குழுவை) அழைத்திருக்கிறீர்கள். அழைப்பிதழில் "கூத்து" என்று இருந்ததைப் பார்த்த மூத்த பேராசிரியர் ஒருவர், "கூத்து கீத்து என்று போடாதே, நாட்டிய நாடகம் என்று போடு, அதுதான் மரியாதை" என்றாராம். உங்கள் அம்மாவும் சின்ன வயதிலிருந்து "என்னடா கூத்தடிக்கிறீங்க" என்று திட்டித்தான் அந்தச் சொல் உங்கள் காதில் விழுந்திருக்கிறது. அப்படியானால் தில்லைக் கூத்தன் என்று சாமியை எப்படிச் சொல்கிறோம் என்று கேட்டிருக்கிறீர்கள். மேலே பார்த்தால் இது கூத்து நடனமா நாடகமா என்ற அகராதிக் கேள்வி. ஒரே சொல் சாமிக்குப் பட்டமும் மனிதனுக்கு வசவுமாக எப்படி ஆனது, அதைச் சொல்ல நாம் கூச்சப்பட வேண்டுமா என்பதுதான் உள்ளே இருக்கும் கேள்வி என்று எடுத்துக்கொள்கிறேன்.

நான் 31 வருஷம் தமிழாசிரியராக இருந்தவன். பிறந்தது வடதமிழ்நாட்டில், திரௌபதியம்மன் கோயிலில் பாரதம் நடக்கும் ஒரு கிராமத்தில். பையனாக இருந்தபோது கூத்துக் களத்தில் என் வேலை பெட்ரோமாக்ஸ் விளக்குக்குக் காற்றடிப்பது. பிற்பாடு விடுமுறைகளில் இரண்டு மூன்று ஜமாக்களோடு ஊர் ஊராகப் போய்ப் பாட்டுகளை எழுதி எடுத்திருக்கிறேன். கல்வெட்டைக் கல்லிலேயே படிக்கும் பயிற்சி எனக்குக் கிடையாது, அச்சில் வந்த பாடங்களைத்தான் படித்திருக்கிறேன். மட்டக்களப்புக் கூத்தையும் கேரளத்துக் கூத்தையும் பற்றி எனக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி படிப்பு, கொஞ்சம்தான் பார்த்தது. இதை மனத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

ஐயமில்லாததிலிருந்து தொடங்குகிறேன். சொல் மிகப் பழையது. தொல்காப்பியத்தின் புறத்திணையியல், பரிசில் பெற்று வருகிறவர்கள் வழியில் எதிர்ப்படுகிறவர்களை ஆற்றுப்படுத்துவதைச் சொல்லும்போது "கூத்தரும் பாணரும் பொருநரும் விறலியும்" என்று கூத்தரைத்தான் முதலில் வைக்கிறது. பத்துப்பாட்டில் மலைபடுகடாத்துக்கு இன்னொரு பெயர் கூத்தராற்றுப்படை. புறநானூற்று 28ஆம் பாட்டில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார், சோழன் நலங்கிள்ளியின் நாடு "கூத்தர் ஆடுகளம்" போல இருக்கிறது என்கிறார். அரசனிடமே அவன் நாட்டைப் புகழ எடுத்த உவமை இது. கூத்தர் வறியவர்கள், ஊர் ஊராக அலைந்தவர்கள், கையேந்தி வாழ்ந்தவர்கள், எல்லாம் உண்மைதான். ஆனால் அந்தச் சொல்லைக் கேட்டு அந்தக் காலத்தில் யாரும் முகம் சுளித்ததாகத் தெரியவில்லை.

பொருள் என்ன? நடனமா நாடகமா என்று பிரித்துக் கேட்பது நம் காலத்துக் கேள்வி. சிலப்பதிகார அரங்கேற்று காதையில் மாதவியின் ஆடலாசான் "இருவகைக் கூத்தின் இலக்கணம் அறிந்து" என்று அறிமுகமாகிறான். அது எந்த இருவகை என்பதற்கு அந்த நூலுக்கு உரை எழுதிய அடியார்க்கு நல்லார் ஒரு விடை சொல்லி நிறுத்தவில்லை. வசை, புகழ் என்கிறார். வேத்தியல் (அரசனுக்கு ஆடுவது), பொதுவியல் (மற்றவர்களுக்கு ஆடுவது) என்கிறார். சாந்தி, விநோதம் என்கிறார். இன்னும் சில இணைகளும் தருகிறார். உரைகாரருக்கே பல கணக்கு இருந்திருக்கிறது என்பதை நாம் கவனிக்க வேண்டும். அவற்றில் சாந்திக்கூத்தைச் சொக்கம், மெய், அவிநயம், நாடகம் என்று நான்காக்குகிறார். சொக்கம் என்பது சுத்தமான ஆடல், நாடகம் என்பது கதை தழுவி வருவது. அதாவது அவர் கணக்கில் நாடகம் என்பது கூத்துக்குள் ஒரு பிரிவு. விநோதக்கூத்தின் பட்டியல் இன்னும் சுவையானது. குரவை இருக்கிறது, குடக்கூத்து இருக்கிறது, கழைமேல் ஆடும் கலிநடம் இருக்கிறது, தோற்பாவையும் இருக்கிறது. கைகோத்து ஆடுவது, குடத்தோடு ஆடுவது, கழைக்கூத்தாடி வித்தை காட்டுவது, விளக்கொளியில் தோல் பொம்மையை ஆட்டுவது எல்லாவற்றையும் ஒரே சொல் தாங்கியிருக்கிறது. இவற்றுக்குப் பொதுவாக இருப்பது என்ன என்று பார்த்தால், பார்க்கிறவர் முன்னால் ஒருவர் உடம்பால் (அல்லது பொம்மையின் உடம்பால்) செய்து காட்டுவது. கூத்துக்கு இதற்குமேல் இறுக்கமான விளக்கம் கொடுக்க எனக்குத் தெரியாது. கொடுக்கிறவர்களை நம்பவும் மாட்டேன்.

இந்த அகலம் பழைய உரையோடு போய்விடவில்லை. பாலக்காட்டுப் பக்கம் பகவதி கோயில்களின் கூத்துமாடத்தில் கம்பன் பாட்டைச் சொல்லித் தோல்பொம்மை ஆட்டுவதற்கு இன்றும் தோல்பாவைக்கூத்து என்றுதான் பெயர். திருநெல்வேலிப் பக்கம் சுடலைமாடன் கொடையில் மகுடம் என்ற பறையை அடித்து அண்ணாவி (தலைமைப் பாடகர்) கதை பாட, பெண் வேடமிட்ட ஆண்கள் ஆடுவது கணியான் கூத்து. அதில் பாட்டும் கதையும்தான் தூக்கல், எங்கள் பக்கத்தைப் போல ஆளுக்கொரு வேஷம் கிடையாது. கேரளத்தில் சாக்கியார் தனியாக நின்று வடமொழிச் சுலோகத்துக்கு விளக்கம் சொல்லிச் சபையைக் கிண்டலடிப்பதும் கூத்துதான். ஆடல் அதில் கொஞ்சம்தான். அந்தச் சாக்கியாருக்கும் நமக்கும் பழைய உறவு உண்டு. சிலப்பதிகாரத்தின் வஞ்சிக் காண்டத்தில் சேரன் செங்குட்டுவன் முன் கொட்டிச்சேதம் என்ற சிவனுடைய ஆடலை ஆடுகிறவன் பறையூர்க் கூத்தச் சாக்கையன். சோழர் கல்வெட்டுகளில் சாக்கைக் கூத்து ஆடுகிறவர்களுக்கு நிலம் விட்ட செய்தி வருகிறது. இலங்கையில் மட்டக்களப்பில் வடமோடி, தென்மோடி என்று இரண்டு வகை. அங்கே ஆட்டுவிக்கிறவரை அண்ணாவியார் என்பார்கள், அந்தப் பெயருக்கு ஊரில் மதிப்பு உண்டு. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பேராதனைப் பல்கலைக்கழக மாணவர்களை வைத்துக் கர்ணன் போர், இராவணேசன் போன்றவற்றை மேடையேற்றியபோது "கூத்து" என்ற சொல்லை ஒளித்து வைக்கவில்லை. உங்கள் பேராசிரியரிடம் இதை நீங்கள் சொல்லலாம்.

சாமி விஷயத்துக்கு வருகிறேன். திருவாசகத்தின் சிவபுராணம் "தில்லையுள் கூத்தனே" என்று அழைக்கிறது. திருமந்திரத்தின் ஒன்பதாம் தந்திரத்தில் திருக்கூத்துத் தரிசனம் என்று ஒரு பகுதியே இருக்கிறது. இது சிவனுக்கு மட்டும் உரிய பட்டம் என்று நினைக்கிறவர்கள் உண்டு, அது சரியில்லை. நம்மாழ்வார் திருமாலை "மாயக் கூத்தா வாமனா" என்கிறார். நவதிருப்பதிகளில் ஒன்றான பெருங்குளத்தில் உற்சவருக்குப் பெயரே மாயக்கூத்தன். சிலப்பதிகாரக் கடலாடு காதையில் வரும் பதினோராடலில் கொடுகொட்டி சிவனுடையது, குடம் திருமாலுடையது, துடி முருகனுடையது. எல்லாச் சாமியும் கூத்தாடிய சாமிதான். மனிதர்களும் இந்தப் பெயரைக் கூச்சமில்லாமல் வைத்துக்கொண்டார்கள். மூன்று சோழ மன்னர்களின் அவையில் இருந்த ஒட்டக்கூத்தர் பெயரை யாரும் மறந்திருக்க முடியாது.

தஞ்சைப் பெரிய கோயிலில் ஒரு கல்வெட்டு இருக்கிறது, 11ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி, இரண்டாம் இராசேந்திரன் காலத்தது. வைகாசித் திருவிழாவில் இராசராசேசுவர நாடகம் ஆடுவதற்காக ஒருவருக்கு நாளொன்றுக்கு ஒரு தூணி நெல், வருஷத்துக்கு 120 கலம் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். (மூன்று தூணி ஒரு கலம். 360 நாளுக்குப் போட்டுப் பாருங்கள், கணக்கு அப்படியே வரும்.) அந்த மனிதரின் பெயர் சாந்திக்கூத்தன் திருவாலன் திருமுதுகுன்றன், விசயராசேந்திர ஆச்சாரியன் என்பது பட்டம். கூத்தன் என்பதும் ஆச்சாரியன் என்பதும் ஒரே ஆளின் பெயரில், ஒரே கல்லில், பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. இந்த வரியை வகுப்பில் கரும்பலகையில் எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா நிற்பேன். அந்த நாடகத்தின் கதை இராசராசனின் வரலாறுதான் என்று சிலர் அடித்துச் சொல்வார்கள். கல்வெட்டில் அது இல்லை, பெயரை வைத்து ஊகிப்பதுதான்.

சரி, பிறகு என்ன ஆயிற்று? இந்த இடத்திலிருந்து நான் சொல்வதில் ஊகமும் கலந்திருக்கிறது. இலக்கணப்படி கூத்தன் ஆண்பால், கூத்தி பெண்பால். பாணன், பாடினி போல நேரான ஜோடி. இன்று கூத்தன் தேவாரத்தில் இருக்கிறான். கூத்தி, கூத்தியாள் என்று தெருச் சண்டையில் இருக்கிறாள். ஒரே தொழிலைச் செய்த ஆணும் பெண்ணும், ஒருவர் சாமியின் பெயராகவும் இன்னொருவர் வைப்பாட்டியின் பெயராகவும் போய்ச் சேர்ந்திருக்கிறார்கள். இந்த மாற்றம் எந்த நூற்றாண்டில் என்று தேதி போட முடியாது. ஆனால் சொல்லில் எந்தக் குற்றமும் இல்லை, அந்தத் தொழிலைச் செய்த பெண்களை ஊர் எப்படிப் பார்த்ததோ அது சொல்லில் ஒட்டிக்கொண்டது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. கூத்தாடியும் அப்படித்தான். நிலம் இல்லாதவன், ராத்திரி முழுக்க விழித்துப் பகலில் தூங்குகிறவன், பெண் வேஷம் கட்டுகிறவன், பெரும்பாலும் ஊர்ப் பெரியதனக்காரர் வீட்டுத் திண்ணையில் உட்கார உரிமையில்லாத சாதிக்காரன். அவன் தொழிலின் பெயரே திட்டானது. சினிமாக்காரர் யாராவது அரசியலுக்கு வந்தால் எதிர்க்கட்சி மேடையில் முதலில் விழும் கல் "கூத்தாடி" என்பதுதானே.

பேச்சுவழக்கில் இருக்கும் மற்றவை எல்லாவற்றிலும் வசை இல்லை. "இது என்னடா கூத்து" என்றால் எதிர்பாராத விசித்திரம். "நேத்து ஆபீஸ்ல ஒரு கூத்து நடந்துச்சு" என்றால் சிரிக்கும்படியான ஒரு சம்பவம். "குடிச்சிட்டுக் கூத்தடிக்கிறான்" என்றால் அட்டகாசம், அதில்தான் கண்டனம். "கேலிக்கூத்து" பத்திரிகைக்காரர்களுக்குப் பிடித்த சொல். அவசரமாகத் தலையங்கம் எழுதுகிறவருக்கு அது இல்லாமல் பொழுது போகாது. நந்தவனத்து ஆண்டி "கூத்தாடிக் கூத்தாடி" தோண்டியைப் போட்டுடைத்தான் என்ற சித்தர் பாட்டில் அது தலைகால் தெரியாத குதூகலம். இவை எல்லாவற்றுக்கும் அடியில் பழைய பொருள் அப்படியே இருக்கிறது, நாலு பேர் வேடிக்கை பார்க்கும்படி நடப்பது என்று. "ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம்" என்ற பழமொழியை நாம் குறும்புக்காரனைச் சாட்டிச் சொல்கிறோம். எனக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்த வாத்தியார் ஒருவர் அதைத் தொழில் கணக்காகச் சொல்வார்: "ஒத்துமையா இருந்தா ஒரு கூத்து விடுவான். ரெண்டாப் போயிட்டா இந்தத் தெருக்காரன் ஒண்ணு விடுவான், அந்தத் தெருக்காரன் ரெண்டா விடுவான். நமக்கு மூணு ராத்திரிக் கூலி. இதுல என்ன தப்பு?" பழமொழி பிறந்த காரணம் அதுதானா என்பதற்கு ஆதாரம் காட்ட முடியாது. ஆனால் எனக்கு அதுவே போதும்.

திருக்குறளைக் காட்டி, வள்ளுவரே கூத்தை இழிவாகச் சொன்னார் என்று ஒருவர் என்னிடம் வாதாடினார். 332ஆம் குறள், "கூத்தாட்டு அவைக்குழாத் தற்றே பெருஞ்செல்வம்". செல்வம் வருவது கூத்துப் பார்க்கக் கூட்டம் சேர்வதுபோல, போவது கூத்து முடிந்ததும் கூட்டம் கலைவதுபோல என்கிறார். அதில் ஆடுகிறவனைப் பற்றி ஒரு குறையும் இல்லை, பேச்சு முழுக்கப் பார்க்க வந்தவர்களைப் பற்றியது. இதைப் புரிந்துகொள்ள நீங்கள் ஒரு ராத்திரி முழுக்க உட்கார வேண்டும். பத்து மணிக்கு மிருதங்கமும் முகவீணையும் ஆர்மோனியமும் சேர்ந்து களரி கட்டும்போது எதிரே நாலு கிழவிகளும் பாயில் தூங்கும் பிள்ளைகளும்தான் இருப்பார்கள். கட்டியங்காரன் (கூத்தின் கோமாளி) வந்து ஊர் நாட்டாமையை ஒரு இழுப்பு இழுத்த பிறகுதான் பீடியோடு ஒவ்வொருவராக வந்து உட்காருவார்கள். பெரிய வேஷம் திரைக்குப் பின்னால் நின்று விருத்தம் பாடி, சலங்கைக் காலை மட்டும் காட்டி ஆட்டம் காட்டும்போது இரண்டு மணி ஆகியிருக்கும், களம் நிரம்பியிருக்கும். விடிந்து ஆரத்தித் தட்டு சுற்றி வந்ததும் பார்த்தால் கிழிந்த பாக்குமட்டையும் வெற்றிலைக் காம்பும்தான் மிச்சம். வள்ளுவர் எங்கோ ஒரு கூத்தில் கடைசிவரை உட்கார்ந்திருக்கிறார் என்றுதான் நான் நினைக்கிறேன்.

கூத்து எங்கள் ஊரில் வேடிக்கை மட்டும் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். நடன விமர்சகர்கள் இதைத்தான் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். அர்ச்சுனன் தபசு அன்று அர்ச்சுனன் வேஷக்காரர் உயரமான தபசு மரத்தில் பாடிக்கொண்டே ஏறுவார். மேலேயிருந்து எலுமிச்சம்பழமும் விபூதியும் வீசுவார், கீழே குழந்தையில்லாத பெண்கள் முந்தானையை ஏந்தி நிற்பார்கள். பதினெட்டாம் போர் முடிந்த காலையில் மண்ணால் செய்த துரியோதனன் படுத்திருக்கும் படுகளத்துக்கு ஊரே போகும். ராத்திரி ஆடிய பீமன் அதே வேஷத்தோடு அங்கே வந்து தொடையில் அடிப்பார். சாவு வீட்டில் காரியத்து அன்று கர்ண மோட்சம் வைப்பார்கள். கர்ணன் விழுந்ததும் செத்தவரின் பெண்டு பிள்ளைகள் வந்து அந்த வேஷக்காரரைப் பிடித்துக்கொண்டு அழுவார்கள். அவரும் கர்ணனாகவே படுத்திருப்பார். இதை நாட்டிய நாடகம் என்று எழுதினால் எதைச் சொன்னதாக ஆகும்?

பெயர் விஷயத்தில் எங்கள் பக்கத்திலேயே ஒரு தகராறு உண்டு. புத்தகங்களில் தெருக்கூத்து என்பார்கள். அந்தப் பெயரில்தான் புரிசைக் கண்ணப்பத் தம்பிரான் போன்றவர்கள் வெளியுலகுக்குத் தெரிந்தார்கள். 1977இல் ந. முத்துசாமி சென்னையில் தொடங்கிய கூத்துப்பட்டறை, நவீன நாடகக்காரர்கள் இந்தச் சொல்லைத் தலைநிமிர்ந்து வைத்துக்கொண்டதற்கு அடையாளம். காஞ்சிபுரம் பக்கம் பெ. ராஜகோபாலும் அவரோடு சேர்ந்தவர்களும், தெரு என்ற ஒட்டு எங்களை மட்டம் தட்டுகிறது, தோளிலும் தலையிலும் கட்டும் மரக்கட்டை அணிகளால் இது கட்டைக்கூத்து என்று வாதிட்டுச் சங்கமே வைத்திருக்கிறார்கள். இரண்டு தரப்பிலும் எனக்குத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். முன்னால் வரும் ஒட்டைப் பற்றித்தான் சண்டை, "கூத்து" வேண்டாம் என்று இரண்டு தரப்பிலும் யாரும் சொன்னதில்லை. சதிர் என்ற சொல்லுக்கு நடந்ததோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். 1932இல் சென்னை மியூசிக் அகாடமி அதைப் பரதநாட்டியம் என்று மாற்றித் தீர்மானம் போட்டது. ஆட்டத்துக்கு மரியாதை கிடைத்தது, அதை ஆடிவந்த குடும்பங்களில் பலவும் மேடைக்கு வெளியே நின்றன. உங்கள் பேராசிரியர் சொன்ன "மரியாதை" என்ற சொல்லைப் படித்தபோது எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது. அவர் நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பார்.

வேர் என்ன என்றும் போகிற போக்கில் கேட்டிருக்கிறீர்கள். "குதி" என்பதிலிருந்து வந்தது என்று சொல்கிறவர்கள் உண்டு. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் ஒலியும் பொருளும் கொஞ்சம் ஒத்துப்போவதைத் தாண்டி உறுதியான சான்று இல்லை, நான் வகுப்பில் சொல்வதில்லை. மலையாளத்திலும் கூத்து என்றே இருப்பது சொல்லின் பழமைக்கு நல்ல சாட்சி, அவ்வளவுதான். இன்னொன்று, கூத்தநூல் என்று சாத்தனார் பெயரில் போன நூற்றாண்டில் அச்சான ஒரு நூலை இணையத்தில் பலர் சங்ககாலச் சான்றாக எடுத்துப் போடுகிறார்கள். அதன் பழமையை ஆய்வாளர்கள் பலர் ஏற்கவில்லை. மேற்கோள் காட்டுவதென்றால் அடியார்க்கு நல்லாரோடு நின்றுவிடுங்கள்.

அழைப்பிதழுக்கு வருவோம். ஜமாவின் வாத்தியாருக்கு ஒரு போன் போட்டு, "உங்க கூத்தை என்ன பேர் போட்டு அடிக்கட்டும்" என்று கேளுங்கள். தெருக்கூத்து என்றால் தெருக்கூத்து, கட்டைக்கூத்து என்றால் கட்டைக்கூத்து. வெறும் "குழுவினர்" என்று போடாமல் வாத்தியார் பெயரையும் முக்கிய வேஷக்காரர்கள் பெயரையும் அடியுங்கள். அப்புறம், நிகழ்ச்சி நிரலில் "மாலை 5.15 முதல் 6.00 வரை" என்று போட்டிருப்பதைப் பார்த்தேன். முக்கால் மணி நேரத்தில் அரிதாரம்கூடக் காயாது. குறைந்தது மூன்று மணி நேரமாவது கொடுங்கள், முடிந்தால் விருது வழங்கலை முன்னால் தள்ளிவிட்டுக் கூத்தைக் கடைசியில் வையுங்கள்.